லட்சமாவது மைலும் இரண்டு மாடுகளும்

என் படிப்பைப் பெயருக்குக் கீழே எழுதி நான் முதன்முதலாகக் கையெழுத்திட்ட தாள் பாலத்தின் வரைபடம் அல்ல. மதகின் வரைபடமும் அல்ல. அமெரிக்காவிலுள்ள ஒரு கார் கம்பெனிக்குப் போன விண்ணப்பம் அது. அதில் ஏழாவது கேள்விக்கு எதிரே பதநீர் என்றும், ஒன்பதாவது கேள்விக்கு எதிரே இரண்டு மாடுகள் என்றும் என் கையால் எழுதினேன். இது எப்படி நேர்ந்தது என்று அலுவலகத்தில் பலரும் கேட்டுவிட்டார்கள். வரிசையாக எழுதி வைத்துவிட்டால் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கார் மாமாவுடையது. மாமா என் அம்மாவின் தம்பி. கோட்டாற்றில் கொப்பரை வியாபாரம்; முன்னால் கடை, பின்னால் வீடு. சுதந்திரம் கிடைத்த மறு வருஷம், மலையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் மூட்டை கட்டிக்கொண்டு கப்பலேறினார். போகும்போது காரை மாமாவிடம் விற்றுவிட்டுப் போனார். அவருக்கு அது, யுத்தம் முடிந்து ஊர் திரும்பிய ஓர் அமெரிக்க ராணுவ அதிகாரியிடமிருந்து கிடைத்ததாம். அமெரிக்காவிலேயே பெரிய பணக்காரர்கள்தான் வாங்குவார்கள் என்றார்கள். கம்பெனியின் பெயரை நான் இங்கே எழுதவில்லை. மாமாவே அதை ஒரு நாள் சொன்ன மாதிரி மறுநாள் சொன்னதில்லை. ஆகவே இழப்பு ஒன்றுமில்லை.

அதற்கு மூன்று நான்கு வருஷம் கழித்து நான் திருவனந்தபுரத்தில் நில அளவையும் வரைபடமும் படித்துக்கொண்டிருந்தேன்; வகுப்பில் பெண் நான் ஒருத்திதான். விடுமுறைக்கு வந்ததும் டேப்பை எடுத்துக் காரை அளந்து குறித்துக்கொண்டேன். காரின் நீளம் பதினேழரை அடி. அதற்காக மாமா கட்டிய கொட்டகையின் நீளம் பதினாறு அடி. வெளியே நின்ற ஒன்றரை அடியின் மேல் அத்தை, அதாவது மாமாவின் மனைவி, மிளகாய் காயவைத்தாள். காரின் மூக்கில் இறக்கை விரித்து நின்ற வெள்ளி நிறப் பெண்ணுக்கு இடுப்பில் ஒரு துண்டுத் துணியைச் சுற்றிவிட்டதும் அவள்தான்.

"இவள இப்பிடியே சுசீந்திரம் தேரோட்டத்துக்குக் கொண்டு போனா, வந்தவன் எவன் சாமியப் பாப்பான்?" என்றாள்.

ஸ்டியரிங் இடப்பக்கம் இருந்தது. எங்கள் ஊரின் மற்றக் கார்களில் எல்லாம் வலப்பக்கம். முதலாளி முன்சீட்டில்தான் உட்காரவேண்டும், பின்னால் உட்கார்ந்தால் யார் பார்ப்பார்கள் என்பது மாமாவின் கொள்கை. ஆகவே டிரைவர் இடப்பக்கம், மாமா வலப்பக்கம். எதிரே வருகிறவர்களின் கண்ணுக்கு மாமாதான் காரை ஓட்டுகிறார். அதுவும் ஸ்டியரிங் இல்லாமல், கையைக் கட்டிக்கொண்டு, வெற்றிலை மென்றுகொண்டு. சைக்கிளில் வருகிறவர்கள் இறங்கி வயலுக்குள் போய் நின்றுகொள்வார்கள். மாமா அதை மரியாதை என்று எடுத்துக்கொண்டார்.

காரோடு ஒரு புத்தகமும் வந்தது. இங்கிலீஷ். விடுமுறைகளில் அதை மாமாவுக்கு வாசித்துத் தமிழில் சொல்வது என் வேலை. முதல் பகுதி கம்பெனியின் சரித்திரம். அதைத் தொடங்கியவர், வேறு யாரோ செய்த காரை வாங்கி, அது வழியெல்லாம் நின்று நின்று போனதால் கோபப்பட்டு, செய்தவரிடமே போய்க் குறை சொன்னாராம். அவர், "அவ்வளவு தெரிந்தால் நீயே ஒன்று செய்துகொள்" என்றாராம். இவரும் போய்ச் செய்துகொண்டார். இந்த இடம் மாமாவுக்கு மிகவும் பிடிக்கும். மூன்று தரம் வாசிக்கச் சொல்வார். பிறகு எந்தெந்த ராஜா வாங்கினார், எந்தெந்தத் தளபதி வாங்கினார் என்று நான்கு பக்கம். இரண்டாம் பகுதி ரேடியேட்டரில் எதை ஊற்றலாம், எதை ஊற்றக்கூடாது என்பது போன்ற விதிகள். அதை மாமா ஒரு தரம்கூட வாசிக்கச் சொல்லவில்லை.

மூன்றாம் பகுதிதான் எங்களைக் கெடுத்தது. கார் வைத்திருப்பவர்கள் கம்பெனிக்கு எழுதிய அனுபவங்கள். ஒரு நீதிபதி இடுப்பளவு பனியில் முந்நூறு மைல் ஓட்டிப்போய்த் தீர்ப்பு வாசித்திருக்கிறார். ஒரு விதவை இரண்டு கிளிகளோடு பாலைவனத்தைக் கடந்திருக்கிறாள். மாமா இவற்றை மனப்பாடம் செய்து, கொஞ்சம் கொஞ்சமாகத் தன்னுடையதாக ஆக்கிக்கொண்டார். குளச்சலில் அவருக்கு ஒரு நண்பர் உண்டு. முஸ்லிம், அவரும் கொப்பரை வியாபாரிதான். ஒருநாள் அவரிடம் போய், "இடுப்பளவு பனியில எனக்க வண்டி நிக்காம ஓடிச்சு" என்றார்.

"எந்தூர்ல பெய்ஞ்சுது அண்ணாச்சி? தக்கலையிலயா?"

"பெய்ஞ்சா ஓடும்னு சொன்னேன்."

"அப்பம் சரி. பெய்யட்டும். நானும் கூட வாறேன்."

அந்தப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு விண்ணப்பம் அச்சாகியிருந்தது. கார் லட்சம் மைல் ஓடிவிட்டால் நிரப்பி அனுப்பவேண்டும். கம்பெனி ஒரு பதக்கம் தரும்; காரின் முன்னால் பொருத்திக்கொள்ளலாம். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் அந்தச் சொந்தக்காரரின் அனுபவமும் வரும். மாமாவுக்குப் பதக்கம்கூடப் பெரிதாகத் தோன்றவில்லை. புத்தகம்தான் வேண்டும். ராஜாக்களும் நீதிபதியும் கிளிக்காரியும் இருக்கிற அந்தப் புத்தகத்தில் தன்னைப் பற்றி ஒரு வரி வரவேண்டும். "ஒரு வரி போதும் மக்களே," என்று என்னிடம் பல தரம் சொல்லியிருக்கிறார். "ஒரே ஒரு வரி. பெறவு நான் செத்தாலும் கொள்ளாம்."

வாங்கும்போதே மைல் மீட்டரில் தொண்ணூறாயிரத்துச் சொச்சம் இருந்தது. மாமா ஓட்டியது குறைவு. ஓட்டியதை விடக் கழுவியது அதிகம். நான் படிப்பை முடித்து, நாகர்கோவிலில் மராமத்து அலுவலகத்தில் வரைவாளராகச் சேர்ந்து ஒரு வருஷம் ஆன பிறகு ஒரு பங்குனி மாதம் அது 99,975-ஐத் தொட்டது. மாமா உடனே காரைக் கொட்டகைக்குள் விட்டுப் பூட்டினார். லட்சமாவது மைல் தன் கடை வாசலில், மேளதாளத்தோடு, ஊர் பார்க்க முடியவேண்டும் என்றார். விண்ணப்பத்தில் ஒரு நிபந்தனையும் இருந்தது: தொழில்நுட்பம் படித்த ஒருவர் காருக்குள் உட்கார்ந்து எண் மாறுவதைக் கண்ணால் பார்த்துச் சான்று எழுதித் தரவேண்டும்.

"அதுக்குத்தான் உன்னையப் படிக்க வச்சது," என்றார் மாமா. என்னைப் படிக்க வைத்தது அப்பா.

அளவு என் பொறுப்பு. சர்க்கார் வரைபடத்தில் நூலை வளைத்துப் போட்டு அளந்தேன். கடை வாசலிலிருந்து குளச்சலில் நண்பரின் பண்டகசாலைக்குப் பன்னிரண்டரை மைல். போக வர இருபத்தைந்து. கணக்கு அப்படியே பொருந்திவிட்டது. மாமா பஞ்சாங்கத்தைப் பார்த்தார். புதன்கிழமை, பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் தொடங்கிவிடும், பதினொன்றரைக்குள் திரும்பிவிட வேண்டும். நாதஸ்வரக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. ரோஜா மாலை ஒன்று காருக்கு, ஒன்று மாமாவுக்கு.

காலையில் புறப்பட்டோம். முன்னால் டிரைவரும் மாமாவும். பின்னால் அத்தையும் நானும். என் மடியில் குறிப்பேடு. போகும்போது ஒன்றும் நேரவில்லை. குளச்சல் நண்பர் எங்களுக்குப் பால் சேர்க்காத சுலைமானித் தேநீர் கொடுத்து, மீட்டரை எட்டிப் பார்த்து, "திரும்பி வரச்சில பனி பெய்ஞ்சா சொல்லி அனுப்புங்க அண்ணாச்சி" என்று வழியனுப்பினார்.

பனி பெய்யவில்லை. இரணியலைத் தாண்டியதும் காரின் மூக்கிலிருந்து ஆவி வந்தது. டிரைவர் நிறுத்தி மூடியைத் திறந்தார். ரேடியேட்டரின் கீழ்க் குழாய் தளர்ந்து, வழிநெடுகத் தண்ணீர் ஒழுகியிருக்கிறது. குழாயைக் கம்பியால் இறுக்கிக் கட்டிவிட்டார். ஆனால் உள்ளே ஊற்றத் தண்ணீர் வேண்டும். பங்குனியில் கால்வாயை அடைத்துவிடுவார்கள். பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. சுற்றிலும் பனைகள். ஒரு பனையிலிருந்து பனையேறி ஒருவர் இறங்கிக்கொண்டிருந்தார். டிரைவர் அவரிடம் தண்ணீர் கேட்டார்.

"வெள்ளமா? வெள்ளத்துக்கு அந்தா தெரியுதில்லா கோயிலு, அங்க கிணத்துக்குப் போவணும். போயிட்டு வர அரை மணிக்கூறு ஆவும். அக்கானின்னா இப்பவே தாறேன். ரெண்டு கலயம் நெறைய இருக்கு."

பதநீருக்கு எங்கள் பக்கத்தில் அக்கானி என்று பெயர். மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பத்தே முக்கால்.

"அக்கானியும் வெள்ளந்தானே," என்றார்.

"வண்டி குடிக்குமா முதலாளி?" என்று டிரைவர் கேட்டார்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். இந்த இடத்தில் உண்மையை எழுதிவிட வேண்டும். "கூடாது" என்று நான் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது வேறு. சர்க்கரை கலந்த நீரின் கொதிநிலை வெறும் தண்ணீரைவிடச் சற்று அதிகம் என்றேன். பாடப்புத்தகத்தில் அப்படித்தான் இருந்தது. மேலே "ஆனால்" என்று ஒரு வாக்கியம் தொடங்கினேன். அதற்குள் மாமா கையைத் தட்டிவிட்டார்.

"கேட்டியா! படிச்சவ சொல்லியாச்சு. வெள்ளத்தவிட இது நல்லது. ஊத்துலே!"

"ஏட்டி, நீ அப்பிடியா சொன்ன?" என்று அத்தை என் காதில் கேட்டாள்.

"பாதிதான் சொன்னேன்."

"அவியளுக்குப் பாதியே கூடுதல்."

ஒன்றரைக் கலயம் உள்ளே போயிற்று. மிச்சத்தைப் பனையேறி ஓலைப் பட்டையில் ஊற்றி எங்களுக்கும் குடிக்கக் கொடுத்தார். நல்ல அக்கானி, அதைக் குறை சொல்வதற்கில்லை. கார் உறுமிக் கிளம்பியது.

முதல் இரண்டு மைலுக்குக் கார் சரியாக ஓடியது. மூன்றாவது மைலில் ஒரு வாசனை வந்தது. நான்காவது மைலில் அது இன்ன வாசனை என்று தெரிந்தது. கருப்பட்டி காய்ச்சும் வாசனை. மூடியோரத்திலிருந்து பொன்னிற நுரை வழிந்து, வெள்ளிப் பெண்ணின் இடுப்புத் துணியை நனைத்துக் கெட்டியாக்கியது. பார்வதிபுரம் பக்கம் தேனீக்கள் சேர்ந்துகொண்டன. சாலையோரம் நின்ற ஒரு பெண், "பாகு எறக்குற பருவமாயாச்சு, தீயைக் கொறைங்க!" என்று கத்தினாள். தொழில் தெரிந்தவளாக இருக்கவேண்டும். சொன்னது சரியான நேரம்தான். பாகு கெட்டியாகக் கெட்டியாக அது உள்ளே ஓடாது. ஓடாவிட்டால் எஞ்சின் சூடாகும். இன்னும் சூடானால் பாகு இன்னும் கெட்டியாகும். குறிப்பேட்டில் இந்தச் சுழற்சியை அம்புக்குறி போட்டு வரைந்து வைத்தேன். என் முடிக்காத வாக்கியத்தின் மறுபாதி அதுதான்.

கடைக்கு மூன்று பர்லாங்கு, அதாவது அரை மைலுக்கும் குறைவாக, இருக்கும்போது எஞ்சின் ஒரு தரம் விக்கி, நின்றது. மீட்டரில் ஐந்தும் ஒன்பது. மணி பதினொன்று நாற்பது.

மாமா இறங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தை அப்படி நான் பார்த்ததில்லை. "மூணே பர்லாங்கு மக்களே" என்று மட்டும் சொன்னார்.

அந்தச் சமயம் பார்த்து எதிரே ஒரு வண்டி வந்தது. மாமாவின் கொப்பரை வண்டியேதான். சரக்கை இறக்கிவிட்டு வெறுமையாக வந்துகொண்டிருந்தது. வண்டிக்காரர் இறங்கி, வாசனை பிடித்து, "முதலாளி, கருப்பட்டி யாவாரமும் தொடங்கியாச்சா?" என்றார். டிரைவர் வண்டியை ஓரங்கட்டி மாடுகளை அவிழ்த்து, கயிற்றால் காரின் பம்பரில் பூட்டினார். இரண்டும் வெள்ளை மாடுகள். பூட்டியவுடன் ஒரு மாடு திரும்பி வெள்ளிப் பெண்ணை நக்கியது. அதை நகர்த்தப் பெரும்பாடு பட்டோம்.

இப்படித்தான் அந்த ஊர்வலம் நடந்தது. முன்னால் இரண்டு மாடுகள். பின்னால் ராஜாக்களும் தளபதிகளும் வாங்குகிற அந்தக் கார். இடப்பக்கம் டிரைவர், வலப்பக்கம் கையைக் கட்டிய மாமா. செய்தி கேட்டு நாதஸ்வரக்காரர்கள் எதிர்கொண்டு வந்து முன்னால் வாசித்துக்கொண்டு நடந்தார்கள். கடைத்தெரு முழுக்க வாசலில் நின்றது.

"அண்ணாச்சி, வண்டிக்கு ஸ்டியரிங்கு இல்ல, சரி. இப்பம் எஞ்சினும் இல்லியா?"

"லேய், சும்மா இரி. அமெரிக்காவுல இப்பம் இதுதான் புது மாடலு."

"எம்மா, ஒரு அச்சு கருப்பட்டி கெடைக்குமா?"

அத்தை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினாள். அழுகிறாள் என்று நினைத்துத் தோளைத் தொட்டேன். அழவில்லை.

அப்போதுதான் மீட்டரைப் பார்த்தேன். கடைசி ஒன்பது மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. மீட்டருக்குச் சக்கரம் உருண்டால் போதும். யார் உருட்டுகிறார்கள் என்று அது கேட்பதில்லை. "மாமா, எண் ஓடுகிறது" என்றேன். மாமா கட்டிய கையைப் பிரித்து டிரைவரின் மடி மேல் விழுந்து பார்த்தார். டிரைவர் சாய்ந்து வழிவிட்டார். ஸ்டியரிங்கை யாரும் பிடிக்கவில்லை. மாடுகளுக்குக் கடை தெரியும். அவை பாட்டுக்கு நேரே போய், தினமும் நிற்கிற இடத்தில் நின்றன. அந்த நிமிஷம் ஐந்து ஒன்பதுகளும் ஒன்றாகப் புரண்டன. என் நூல் அளவு ஓரடிகூடப் பிசகவில்லை.

கூட்டம் ஜன்னல் வழியாகத் தலையை நுழைத்தது. மீட்டரில் 00000.

"என்னவே, ஒண்ணுமே இல்லியே!"

"இவ்வளவு நாளும் ஓட்டினது எல்லாம் எங்க போச்சு?" என்று அத்தை முதல் தரமாகக் கவலைப்பட்டாள். மீட்டரில் ஐந்து இடம்தான் உண்டு, ஆறாவது எண்ணுக்கு இடமில்லை என்று விளக்கினேன். ஊர் நம்பவில்லை. மாடு பூட்டியதால் மீட்டர் கோபித்துக்கொண்டது என்று இன்றும் சொல்கிறார்கள். பதினொன்று ஐம்பத்தைந்துக்கு மாலை போட்டார்கள். மாடுகளுக்கு மாலை இல்லாமல் போயிற்று. மாமா தன்னுடையதைக் கழற்றி ஒரு மாட்டுக்குப் போட்டார். மற்ற மாடு அதைத் தின்றது.

மறுநாள் விண்ணப்பத்தை எடுத்து உட்கார்ந்தோம். முதல் ஆறு கேள்விகளில் தொந்தரவில்லை. ஏழாவது: ரேடியேட்டரில் தூய தண்ணீர் தவிர வேறேதாவது ஊற்றப்பட்டதா?

"இல்லன்னு போடு," என்றார் மாமா.

"போட முடியாது மாமா. கீழே என் கையெழுத்து வருகிறது."

"அதுல முக்காப்பங்கு வெள்ளந்தானே மக்களே?"

"அப்படியானால் முக்கால் பங்கு தண்ணீர், கால் பங்கு சர்க்கரை என்று எழுதலாம்."

மாமா எழுந்து போய், வெற்றிலை போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். ஒன்பதாவது கேள்வி: முழுத் தூரமும் காரின் சொந்த சக்தியிலேயே ஓடியதா? அதை வாசித்ததும் மறுபடி எழுந்து போனார். இந்த முறை திரும்பி வரவில்லை. நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அத்தை மூலமாக, "அவ சர்க்காருக்கே உண்மை எழுதட்டும், அமெரிக்காக்காரனுக்கு எதுக்கு?" என்று சொல்லியனுப்பினார். எனக்கும் வருத்தம்தான். அவர் கேட்டது ஒரு வரி. அதை நான் கெடுத்தது இரண்டு தரம்: அக்கானி விஷயத்தில் பாதி சொல்லி, விண்ணப்பத்தில் முழுதும் சொல்லி. ஆனால் படிப்பைப் பெயருக்குக் கீழே எழுதிவிட்டு அதற்கு மேலே பொய் எழுத என் கை வரவில்லை.

ஐந்தாம் நாள் மாமா வந்தார். "சரி, உனக்க இஷ்டம்போல எழுது. ஆனா நான் சொல்லுகதையும் ஒரு வரி சேக்கணும்."

அப்படியே செய்தேன். ஏழுக்கு எதிரே, பனையிலிருந்து அன்று காலை இறக்கிய பதநீர், ஒன்றரைக் கலயம், அதன் விளைவுகள் தனித்தாளில், படத்துடன் என்று எழுதினேன். ஒன்பதுக்கு எதிரே, கடைசி மூன்று பர்லாங்கு நீங்கலாக. அதற்கு இரண்டு மாடுகள். கீழே மாமா சொன்னதை மொழிபெயர்த்தேன்: மாடுகள் இரண்டும் நல்ல குணமுள்ளவை, காருக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. கையெழுத்திட்டு அனுப்பினோம்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்ய மூன்று வாரம் ஆயிற்று. டிரைவர் வெந்நீர் ஊற்றி ஊற்றிக் கழுவினார். கொட்டகைக்குக் கட்டெறும்பு வந்ததோடு அத்தை மிளகாயை வேறு இடத்துக்கு மாற்றினாள். கார் பிழைத்துக்கொண்டது.

பதில் வர ஒரு வருஷத்துக்கு மேல் ஆயிற்று. எங்கள் தாலுகாக்கள் சென்னை ராஜ்யத்தோடு சேரப்போகின்றன என்று ஊரே பேசிக்கொண்டிருந்த நேரம். ஒரு கடிதமும் ஒரு புத்தகமும் வந்தன. கடிதம் மரியாதையானது. ஏழாவது, ஒன்பதாவது பதில்களின் காரணமாகப் பதக்கம் தர இயலாமைக்கு வருந்துவதாகவும், படத்துக்கு நன்றி என்றும் எழுதியிருந்தார்கள். மாமா கேட்டுவிட்டு வெற்றிலைப் பெட்டியைத் திறந்தார். நான் புத்தகத்தைப் புரட்டினேன். புதிய பதிப்பு. கடைசிப் பகுதியில் மாமாவின் அனுபவம் இல்லை. நீதிபதி இருந்தார், கிளிக்காரி இருந்தாள்.

பிறகு, பழக்கதோஷத்தால், இரண்டாம் பகுதியையும் பழைய புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து வரி வரியாக ஒப்பிட்டேன். ரேடியேட்டரில் ஊற்றக்கூடாதவை: உப்பு நீர், மண்ணெண்ணெய், சோப்பு நீர். பழையதில் மூன்று. புதியதில் நான்கு. நான்காவது, பனைமரச் சாறு.

வாசித்துக் காட்டினேன். மாமா என் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கி, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரியை விரலால் தடவிப் பார்த்தார்.

"இது நம்மளா?"

"நாம்தான் மாமா. அமெரிக்காவில் பனையேறி கிடையாது."

அன்று மாலையே டிரைவரை அழைத்துக் குளச்சலுக்குப் புறப்பட்டார். என்னையும் கூட்டிக்கொண்டார், வாசிப்பதற்கு. நண்பர் கேட்டு முடித்து, "திட்டித்தானே அண்ணாச்சி எழுதியிருக்கான்?" என்றார்.

"திட்டட்டும். எத்தனை ராஜாமாரு அந்த வண்டிய வாங்கினான், எத்தனை தளபதிமாரு வாங்கினான்! ஒருத்தனாவது அவனுக்க புத்தகத்துல ஒரு வரி கூட்ட முடிஞ்சுதா? பனியில ஓட்டினான், பாலைவனத்துல ஓட்டினான், எல்லாவனும் கடைசிப் பக்கத்துல கதைதான் சொல்லிட்டிருக்கான். நாம சட்டத்தையே மாத்தியாச்சு வேய்!"

அந்தப் பக்கம் இப்போது கண்ணாடி போட்டுக் கடையில் மாட்டியிருக்கிறது. கடைக்கு வருகிறவர்கள் எல்லையைப் பற்றியும் ராஜ்யத்தைப் பற்றியும் பேச, மாமா ரேடியேட்டரைப் பற்றிப் பேசுகிறார். மாடுகளைப் பற்றிய விதி ஒன்றும் அடுத்த பதிப்பில் வருமென்று எதிர்பார்க்கிறார். அதற்கு நினைவூட்டுக் கடிதம் எழுதும்படி போன வாரம் என்னிடம் சொன்னார். எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் கையெழுத்திடவில்லை.